நெசவூரிலிருந்து ஓர் அலைகரைப் பயணம்

ஆரணிக்குக் கடல் இல்லை. கமண்டல நாகநதி என்று அழகான பெயருடைய ஓர் ஆறு உண்டு. ஆண்டின் பெரும்பகுதி அது மணலாகவே கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் வந்துவிட்டால் ஊரே பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்க்கும். நீரோடு எங்களுக்குள்ள உறவு அவ்வளவுதான். மற்றபடி எங்கள் காதுக்குப் பழகிய ஓசை தறியோசை. பட்டுச்சேலைக்குப் பெயர்பெற்ற இவ்வூரில் பாவு, ஊடை, ஜரிகை, தார் என்னும் சொற்கள் தெரியாத பிள்ளை இல்லை. நங்கூரம், சுக்கான், துடுப்பு என்னும் சொற்களோ பாடநூலோடு நின்றுவிடுபவை.

அத்தகைய ஊரிலிருந்து ஓர் இளைஞர் கப்பலுக்குப் போகிறார் என்றால் அது தெருவுக்கே செய்தி. நான் பணிபுரியும் மதரஸாவில் சிறு வயதில் ஓதிய மாணவர், தந்தையை இழந்தவர். வீட்டில் தார் சுற்றி அந்தக் கூலியில் அவரை ஆளாக்கியவர் அவருடைய தாயார். பையன் பள்ளிப் படிப்பை முடித்துக் கடற்பணிப் பயிற்சியும் முடித்து, சரக்குக் கப்பல் ஒன்றில் தளப்பணியாளராக வேலை பெற்றுவிட்டார். ஊரெல்லாம் வாழ்த்தியது. தாயார் மட்டும் ஒரு மாலை மதரஸா வாசலில் வந்து நின்றார்.

"ஹஜ்ரத், கப்பல் முழுகிப் போனா உள்ளே இருக்கிற பிள்ளைங்க என்ன செய்வாங்க?"

"அதற்குத்தான் உயிர்காப்புப் படகு இருக்கிறதே அம்மா! அதில் ஏறிவிட்டால் கவலையில்லை" என்றேன். அவரும் முகம் தெளிந்து போய்விட்டார். பாடம் கேட்கும் பிள்ளைக்கு விடை சொல்லி அனுப்பிய நிம்மதியோடு நானும் வீடு திரும்பினேன்.

அன்றிரவு படுக்கையில்தான் நினைவு வந்தது. 2012ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் "நீலம்" புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தது. அன்று சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த "பிரதிபா காவேரி" என்னும் எண்ணெய்க் கப்பல் காற்றில் இழுபட்டுப் பெசன்ட் நகர்க் கரையில் தரைதட்டியது. தொலைக்காட்சியில் அனைவரும் கண்ட காட்சி அது. அந்தக் கப்பலில் இருந்தவர்கள் 37 பேர். அவர்களுள் 22 பேர் உயிர்காப்புப் படகில் இறங்கினர். படகு கவிழ்ந்தது. ஆறு பேர் மாண்டனர். கப்பலிலேயே தங்கிய 15 பேரும் மறுநாள் ஹெலிகாப்டரில் பத்திரமாக மீட்கப்பட்டனர். மாண்டவர்கள் அனைவரும் எந்தப் படகில் ஏறிவிட்டால் கவலையில்லை என்று அந்தத் தாயிடம் சொல்லி அனுப்பினேனோ அந்தப் படகில் ஏறியவர்கள்!

தெரியாத ஒன்றைத் தெரிந்தவன்போலச் சொல்லிவிட்டேன். சொன்னதைத் திருத்த வேண்டுமானால் முதலில் நான் தெரிந்துகொள்ள வேண்டும். கலைப் பட்டம் படித்தவனுக்கு இயந்திரமும் கப்பலும் எட்டாத துறைதான். ஆயினும் கிடைத்த நூல்களைப் புரட்டினேன். பையன் ஊருக்கு வந்தபோது அவரிடமே மாணவனாக உட்கார்ந்தேன். அவர் விமானமேற வேண்டிய நாளுக்கு முந்தைய நாள், தாயாரும், அவருடைய தம்பியும், பையனும், நானுமாகச் சென்னைக்குப் பேருந்து ஏறினோம். செய்யாறு, காஞ்சிபுரம் வழியாக நான்கு மணி நேரத்துக்குக் குறையாத பயணம். காஞ்சியைக் கடக்கும்போது, "இங்கேயும் நம்மைப் போலத் தறிதான்" என்றார் அந்த அம்மா. அதற்குப் பிறகு சென்னை வரும்வரை அவர் பேசவில்லை.

பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அஸர் நேரம் கழிந்திருந்தது. தாயார் தம் ஐம்பதாண்டு வாழ்வில் முதன்முறையாகக் கடலைப் பார்த்தார். வியப்பையோ அச்சத்தையோ முகத்தில் காட்டவில்லை. "இவ்வளவு சத்தமா?" என்று மட்டும் கேட்டார். தறிக்கூடத்திலே பிறந்து வளர்ந்தவர் கேட்ட கேள்வி அது!

அந்தக் கரையில் வெள்ளை நிறத்தில் வளைவு வாசல் போன்ற சிறு மண்டபம் ஒன்று உண்டு. திரைப்படக்காரர்கள் அதன் முன்னே ஆடிப்பாடியிருக்கிறார்கள். இளைஞர்கள் அதன் நிழலில் அமர்ந்து கடலை கொறிக்கிறார்கள். அது கார்ல் ஷ்மிட் என்னும் டென்மார்க் நாட்டவரின் நினைவுச்சின்னம் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1930ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், இந்த இடத்தில் நீரில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய்த் தாம் மூழ்கியவர் அவர். அவரிடம் படகு இல்லை, கயிறும் இல்லை. அவர் மூழ்கி 82 ஆண்டுகள் கழித்து அதே கரைக்கு எதிரேதான் "பிரதிபா காவேரி" வந்து நின்றது.

அன்று கவிழ்ந்த படகிலிருந்து சிதறியவர்களைத் தூக்கி வந்தவர்கள் யார்? இந்தக் கரையை ஒட்டிய குப்பங்களின் மீனவர்கள். கடலுக்குப் போகாதே என்று எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாளில், புறப்பொறி மாட்டிய சாதாரண ஃபைபர் படகுகளைத் தள்ளிக்கொண்டு போய்ப் பலரைக் கரைசேர்த்தார்கள். கப்பலின் உயிர்காப்புப் படகு கவிழ்ந்த அதே அலையில் மீன்பிடிப் படகு கவிழாமல் போய் வந்தது எப்படி? என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்வி இதுதான். வலை மடித்துக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் கேட்டேவிட்டேன்.

அவர் என் தொப்பியையும் தாடியையும் பார்த்தார். "பாய், அலையை எண்ணணும். பெரிசு ரெண்டு மூணு வரும், அப்புறம் கொஞ்சம் மூச்சு வாங்கும். அந்த மூச்சுலதான் வண்டியை விடணும். தெரியாதவன் கையில எந்தப் படகைக் கொடுத்தாலும் அது குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்புச்சுன்னா முடிஞ்சுது" என்றார்.

ஆழ்கடலில் பெரிய அலையும் மெல்ல ஏற்றி இறக்கும் தொட்டில்தான். கரை நெருங்க நெருங்க அதன் அடிப்பகுதி தரையில் இழுபடும்; மேற்பகுதியோ வேகம் குறையாமல் முன்னே பாயும். இறுதியில் சுவர்போல எழுந்து உடைந்து விழும். உடைகின்ற அந்தச் சுவருக்குப் படகு பக்கவாட்டில் விலாவைக் காட்டினால் உருட்டிவிடும். எனவே கப்பலை விட்டு இறங்குவது ஒரு கலை. கரையின் அலையுடைப்பைக் கடப்பது முற்றிலும் வேறொரு கலை. கப்பலின் உயிர்காப்புப் படகு முதல் வேலைக்காகவே படைக்கப்பட்டது. பையன் தம் பயிற்சியில் கற்றதும் அதுவே: மூழ்குகிற கப்பலிலிருந்து விலகு, உதவி வரும்வரை நடுக்கடலில் மிதந்துகொண்டு காத்திரு. உடைகிற அலைக்குள் புகுந்து சென்று பிறரை எடுத்துவருவது இரண்டாவது வேலை. அதற்கென்றே கட்டப்படும் படகு வேறு. தமிழில் இரண்டையும் "உயிர்காப்புப் படகு" என்று ஒரே பெயரால் சொல்லிவிடுகிறோம். நானும் அந்தக் குழப்பத்தில்தான் விடை சொல்லியிருந்தேன்.

இந்த இரண்டாவது கலையில் நம் சோழமண்டலக் கரையினர் பழம்பெரும் ஆசான்கள். சென்னைக்குத் துறைமுகம் இல்லாதிருந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். கப்பல்கள் வெகுதொலைவில் திறந்த கடலில் நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே மூன்று வரிசையாக அலை உடையும். ஐரோப்பியரின் கப்பற்படகுகள் அதில் வந்தால் நொறுங்கிப்போகும். ஆகவே கவர்னராயினும் கைதியாயினும், குதிரையாயினும் பணப்பெட்டியாயினும், மசுலாப் படகில்தான் கரையேற வேண்டும்.

அந்தப் படகைப் பற்றிப் படித்தபோது நெசவூர்க்காரனாகிய எனக்கு மெய்சிலிர்த்தது. ஏறத்தாழ 30 முதல் 35 அடி நீளம், 10 அடி அகலம், உயர்ந்த பக்கங்கள், தட்டையான அடி. அதில் ஓர் ஆணிகூட இல்லை! பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, இடையே நார் வைத்து, தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். உள்ளே விலாச்சட்டங்களும் கிடையா. அலை அதைத் தூக்கி மணலில் அறையும்போது, ஆணியடித்த படகு பிளக்கும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் துடுப்புப் போட, பின்னே நின்று தண்டல் குரல் கொடுக்க, அலையின் மூச்சைப் பார்த்து உள்ளே பாயும். அந்த முதியவர் சொன்ன அதே மூச்சு.

திருக்குர்ஆனில் நூஹ் நபியின் கப்பலைக் குறிக்கும்போது பலகைகளோடு சேர்த்து "துஸுர்" என்று ஒரு சொல் வருவதை ஓதியவர்கள் அறிவர். ஆணிகள் என்றே பெரும்பாலும் பொருள் கூறப்படுகிறது. பிள்ளைகளுக்கு நானும் அப்படியே சொல்லிவந்தேன். பழைய அரபு அகராதிகளிலோ, பலகைகளை இறுகக் கட்டும் பேரீச்ச நார்க்கயிறு என்ற பொருளும் அச்சொல்லுக்கு இருக்கிறது. அரபிக்கடலின் கலங்களும் நம் கலங்களும் ஒருகாலத்தில் தைக்கப்பட்டவையே அல்லவா! 14ஆம் நூற்றாண்டில் இக்கடல்களைச் சுற்றிய இப்னு பதூதா, மாலத்தீவின் தென்னங்கயிற்றைப் புகழும்போது, ஆணியடித்த கலம் பாறையில் மோதினால் உடையும், தைத்த கலமோ நெகிழ்வதால் தப்பும் என்று காரணத்தையும் சொல்லிப் போகிறார்.

அதே இப்னு பதூதா நம் கரையில் பட்ட பாட்டையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். 1344ஆம் ஆண்டு வாக்கில் இலங்கையிலிருந்து மஅபர் என்று அரபியர் அழைத்த நம் தமிழகக் கரைக்கு வரும் வழியில், அவர் ஏறிய கலம் காற்றில் அலைக்கழிந்து ஆழமற்ற நீரில் சிக்கியது. பாய்மரத்தை வெட்டினார்கள். மாலுமிகள் மரங்களைப் பிணைத்து மிதவை செய்தார்கள். தம்மைச் சார்ந்தவர்களை முதலில் அதில் அனுப்பிவிட்டு, அவர் கலத்தின் பின்பகுதியில் இரவெல்லாம் தங்கினார். விடிந்ததும் இக்கரையைச் சேர்ந்தவர்கள் படகில் வந்து அவரை மீட்டார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். பெயர் எழுதப்படாத அந்தப் படகோட்டிகள் அன்று வராதிருந்தால், பிற்காலத்தில் அவர் சொல்லி எழுதுவித்த அந்தப் பெரும் பயணநூல் நமக்குக் கிடைத்திராது.

மீண்டும் சென்னைக்கு வருவோம். கடல் மோசமான நாட்களில் மசுலாப் படகின் பக்கத்திலேயே கட்டுமரங்கள் தொடர்ந்து செல்லும். படகு கவிழ்ந்தால் பயணிகளைப் பொறுக்கி எடுப்பது அவர்கள் பொறுப்பு. உயிர் காத்த கட்டுமரக்காரர்களுக்குப் பதக்கம் வழங்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. எந்தப் படகும் போகமுடியாத நாளிலும் அவர்கள் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோவார்கள். கடிதம் நனையாதிருக்க, தலையில் அணிந்த ஓலைத் தொப்பிக்குள் அதை வைத்துக்கொள்வார்கள்.

கட்டுமரத்தின் இரகசியம் மிக எளியது. அதற்கு உள்ளே என்று ஓர் இடமே இல்லை. நீர் புகுந்து நிரம்பினால்தானே படகு மூழ்கும்? மேலே ஏறிய நீர் மரங்களின் இடுக்கு வழியே கீழே இறங்கிவிடும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். நம் பழந்தமிழில் மிதவைக்குப் "புணை" என்று பெயர். தறியில் பழைய பாவின் இழைகளோடு புதிய பாவை ஒவ்வொன்றாகப் பிணைப்பதை நாள்தோறும் பார்க்கும் எனக்கு, புணையும் பிணையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றே தோன்றுகிறது. மொழியறிஞர்கள் என்ன சொல்வார்களோ!

1861இல் சென்னையில் இரும்புத் தூண்பாலம் கடலுக்குள் நீட்டப்பட்டது. 1875இல் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கட்டி முடியும் தறுவாயில் 1881 நவம்பர்ப் புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். பிறகு கப்பல்கள் நேரே துறைமுகச் சுவருக்குள் வந்து நிற்கத் தொடங்கின. மசுலாப் படகுகளுக்கு வேலை குறைந்தது. 2004 சுனாமிக்குப் பின் கட்டுமரங்களும் அருகி, ஃபைபர் படகுகளே குப்பங்களை நிறைத்துவிட்டன.

இங்கே கட்டுமரக்காரர்கள் தம் பிழைப்பின் பகுதியாகச் செய்த வேலையை, இங்கிலாந்தில் தனிப் படகாகவும் தனி அமைப்பாகவும் வளர்த்தெடுத்தார்கள். 1785இல் லயோனல் லூக்கின் என்னும் வண்டி கட்டும் தொழிலாளர் மூழ்காப் படகுக்கு உரிமம் பெற்றார். 1789இல் டைன் ஆற்று முகத்துவாரத்தில் "அட்வெஞ்சர்" என்ற கப்பல் தரைதட்டியது. கரையில் கூட்டமாக நின்றவர்களின் கண்ணெதிரே மாலுமிகள் ஒவ்வொருவராக விழுந்து மாண்டனர். ஒரு படகும் போகமுடியவில்லை. அந்த வெட்கத்தில் ஊரார் போட்டி ஒன்றை அறிவித்தார்கள். ஹென்றி கிரேட்ஹெட் 1790இல் கட்டிய படகின் பக்கங்களில் தக்கை பதிக்கப்பட்டிருந்தது. அது நாற்பதாண்டுகள் உழைத்தது.

அதே போட்டிக்கு வில்லியம் உட்ஹேவ் என்னும் ஏழை, கவிழ்ந்தால் தானே நிமிரும் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார். கிணற்றடியில் ஒரு பெண்ணின் நீர்க்கலத்தில் மிதந்த உடைந்த மரக்கிண்ணத் துண்டை எப்படிப் புரட்டிவிட்டாலும் அது மீண்டும் நிமிர்ந்ததைக் கண்டு அவருக்கு இந்த யோசனை தோன்றியது என்று ஒரு கதை வழங்குகிறது. அறிவித்த பரிசு இரண்டு கினி. அவருக்குக் கொடுக்க முன்வந்ததோ ஒரு கினி. அறிவுக்கு அரைக்கூலி கொடுக்கும் பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு போலும்! 1824இல் அங்கே உயிர்காப்புப் படகுச் சங்கம் நிறுவப்பட்டது. இன்றளவும் அது பெரும்பாலும் ஊர்த் தொண்டர்களைக் கொண்டே இயங்குகிறது. 1851இல் நடந்த பெரிய போட்டியில் ஜேம்ஸ் பீச்சிங்கின் தானே நிமிரும் படகு பரிசு பெற்றது. உட்ஹேவின் யோசனை அறுபதாண்டுகள் காத்திருந்து அரங்கேறியது.

தானே நிமிர்வது எப்படி? தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எப்படிச் சாய்த்தாலும் எழுந்துவிடுகிறதல்லவா! அடியில் கனம், மேலே இலேசு. படகின் அடிக்கட்டையில் இரும்பு போன்ற கனத்தை வைக்கிறார்கள். முன்னும் பின்னும் உயரமாகக் காற்றடைத்த அறைகளை அமைக்கிறார்கள். கவிழ்ந்த படகு அந்த இரு காற்றறைகளின் மீது தலைகீழாக நிற்கும். கனம் மேலே போய்விடும். அந்த நிலையில் அதனால் நிற்க முடியாது. ஒரு பக்கம் சரியும். சரிந்ததும் கனம் அதைக் கீழே இழுத்து நிமிர்த்திவிடும். தளத்தில் ஏறிய நீர் தானே வடிவதற்கு ஒருவழி அடைப்புள்ள துளைகள் உண்டு. கட்டுமரத்தின் இடுக்குகள் செய்த வேலைதான்.

இயந்திரம் வந்தபோது புதிய சிக்கல் எழுந்தது. 1904இல் துடுப்புப் படகு ஒன்றில் பெட்ரோல் இயந்திரம் பொருத்தி இங்கிலாந்தில் சோதித்தார்கள். இயந்திரமோ நீரைக் கண்டால் நின்றுவிடும். தலைகீழானால் எண்ணெய் கொட்டும். ஆகவே அதை நீர்புகா அறைக்குள் வைத்தார்கள். கவிழ்ந்தால் தானே நிற்கும்படி செய்தார்கள். மணலிலும் மிதக்கும் மரத்துண்டுகளிலும் பட்டு உடையாதபடி, சுழலியை அடிப்பாகத்தின் குழிவுக்குள் மறைத்தார்கள்.

அமெரிக்கக் கடலோரக் காவலர்களின் 36 அடி மோட்டார்ப் படகு ஒன்றின் கதை உலகறிந்தது. 1952 பிப்ரவரி 18ஆம் நாள், மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் "பெண்டில்டன்" என்ற எண்ணெய்க் கப்பல் இரண்டாக உடைந்தது. பெர்னி வெப்பர் தலைமையில் நால்வர் அந்தச் சிறு படகில் பனிப்புயலுக்குள் சென்று 32 பேரை ஏற்றிவந்தார்கள். அந்நாட்டின் மேற்குக் கரையில், கொலம்பியா ஆற்று முகத்துவாரம் இன்னும் கொடியது. 1961 ஜனவரி 12ஆம் நாள் இரவு, "மெர்மெய்ட்" என்ற மீன்பிடிப் படகைக் காப்பாற்றப் போன "டிரையம்ப்" என்னும் 52 அடி மரப்படகு கவிழ்ந்து அதன் ஆறு பேரில் ஐவர் மாண்டனர். அதே நீளத்தில் எஃகினால் கட்டப்பட்ட கடும்வானிலைப் படகுகள் நான்கு மட்டுமே அக்கரையில் பணியாற்றின. அவற்றுள் ஒன்றுக்கு மூழ்கிய படகின் பெயரையே சூட்டினார்கள். வேகம் மணிக்கு 11 கடல் மைலளவே. ஆனால் மற்றவை திரும்பிவிடும் கடலில் அவை நின்று இழுத்தன. அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தன. 1990களில் வந்த 47 அடி அலுமினியப் படகு மணிக்கு 25 கடல் மைல் ஓடும். 30 அடி அலையிலும் செல்லும். முழுதும் கவிழ்ந்தாலும் பத்து நொடிகளுக்குள் நிமிரும்.

இந்த ஒவ்வொரு திருத்தத்துக்கும் யாரோ உயிர் கொடுத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் வடக்கே லாங்ஹோப் என்னும் சிற்றூரின் படகு 1969 மார்ச் 17ஆம் நாள் கவிழ்ந்தது. சென்ற எண்மரில் ஒருவரும் திரும்பவில்லை. அது தானே நிமிராத வகை. அதற்கும், மறு ஆண்டில் நிகழ்ந்த இன்னொரு விபத்துக்கும் பிறகே, பெரிய படகுகள் எல்லாம் தானே நிமிர வேண்டும் என்று அச்சங்கம் தீர்மானித்தது.

நம் நாட்டில் ஊருக்கு ஊர் இத்தகைய படகு நிலையங்கள் இல்லை. 1978இல் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட இந்தியக் கடலோரக் காவல்படை தன் கப்பல்களோடும் விமானங்களோடும் பணியாற்றுகிறது. 1554 என்ற எண்ணில் அதை அழைக்கலாம். 2017 நவம்பர் இறுதியில் குமரிக் கடலில் ஒக்கிப் புயல் வீசியபோது, எத்தனையோ மீனவக் குடும்பங்கள் நாட்கணக்கில் கரையில் காத்துக் கிடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. கரையோரத்தில், முதல் அரைமணி நேரத்தில், கைகொடுப்பவர் இன்றும் பக்கத்துக் குப்பத்துக்காரர்தான். அவருக்கு ஒரு மிதவைச் சட்டையும் நல்ல கயிறும் பயிற்சியும் அளிப்பது பெரிய செலவாகத் தோன்றவில்லை எனக்கு.

இருட்டத் தொடங்கியது. மணலில் அமர்ந்தபடியே பையனை அழைத்து, தாயார் முன்னிலையில் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னேன். அவர் கூச்சத்தோடு தொடங்கினார். 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது ஏறத்தாழ 2,200 பேருக்கு 1,178 இடங்களே படகுகளில் இருந்தன. இப்போது சரக்குக் கப்பலில் ஒவ்வொரு பக்கத்துப் படகிலும் அனைவருக்கும் இடம் இருக்க வேண்டும். அல்லது பின்புறச் சரிவிலிருந்து நேரே நீரில் பாயும் படகு இருக்க வேண்டும். மேலே கூரையிட்டு முழுதும் மூடிய படகு. 24 மணி நேரம் ஓட எரிபொருள். வேகம் 6 கடல் மைல். உள்ளே வெக்கையும் டீசல் வாடையும். பயிற்சியின்போது அவரே வாந்தி எடுத்திருக்கிறார்.

"அதுவும் கவுந்தா?" என்றார் தாயார்.

"தானாவே நிமிரும்மா. ஆனா உள்ளே இருக்கிற எல்லாரும் பெல்ட்டுப் போட்டிருக்கணும், கதவெல்லாம் மூடியிருக்கணும். ஒருத்தர் போடலைன்னாலும் அவர் உருண்டு மத்தவங்க மேலே விழுவார். நிறைய பேர் போடலைன்னா கனம் ஒரு பக்கம் போய்டும்; படகு நிமிராது."

நான் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அன்றைக்கு, ஏறிவிட்டால் கவலையில்லை என்றேன். அது சரியான விடையல்ல அம்மா. இங்கேயே இந்தக் கரையில் அப்படி ஏறியவர்களில் ஆறு பேர் திரும்பவில்லை" என்று 2012ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னேன். பையனின் மாமு என்னை முறைத்தார். புறப்படும் நேரத்தில் இதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும் என்று அவர் எண்ணியது நியாயமே. தாயார் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கப்பல் நிக்கிற வரைக்கும் கப்பல்லயே நிக்கணும். அப்படித்தானே ஹஜ்ரத்?"

"தலைவர் இறங்கச் சொல்லும்வரை இறங்கக் கூடாதும்மா" என்றார் பையன். "தண்ணிக்குப் போறதுக்குக் கடைசி வரைக்கும் அவசரப்படாதேன்னுதான் எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தாங்க."

மறுநாள் அவரை வழியனுப்பிவிட்டு ஊர் திரும்பினோம். இப்போது அவர் எந்தக் கடலில் இருக்கிறார் என்பதைத் தெருப்பிள்ளைகள் தேசப்படத்தில் தேடுகிறார்கள். கப்பலில் மாதந்தோறும் உயிர்காப்புப் பயிற்சி உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை படகை நீரிலேயே இறக்கிப் பார்ப்பார்கள். தொலைபேசி கிடைக்கும் துறைமுகத்திலிருந்து அவர் அழைக்கும் நாட்களில், தாயார் தார் சுற்றும் இராட்டையை நிறுத்திவிட்டு நலம் விசாரிக்கிறார். சாப்பாடு என்ன, தூக்கம் எப்படி என்று கேட்டு முடித்ததும் கடைசியாகக் கேட்பது ஒன்று உண்டு. நான் அருகில் இருந்த நாளிலும் கேட்டார்.

"இந்த மாசம் படகுல உக்காந்தியா? பெல்ட்டு இறுக்கமா இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா" என்று மறுமுனையில் சிரிப்பு.

"பக்கத்துல உக்காந்தவன்?"